மாலையைக் கழட்டாதேங்கோ

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் எங்கள் கல்லூரி மாணவர் சங்கத்தின் ஹவாய் பார்ட்டிக்கு இருநூறு பிளாஸ்டிக் மாலைகளை இணையத்தில் ஓர்டர் பண்ணியவள் நான்தான். மஞ்சள், ஊதா, கண்ணைக் குத்துகிற ரோஸ். பெட்டி வந்து இறங்கியதும் முதல் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படம் எடுத்தவளும் நான்தான். துஷ்யா சச்சிதானந்தன், கலாசாரப் பொறுப்பாளர். பதவி அப்படி.

பெப்ரவரியில் ஒஸ்லோவில் இருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பனி கறுத்து இறுகிக் கிடக்கும். வெயிலைக் கண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் சங்கத்துக்கு ஒரு யோசனை வரும். கல்லூரி மண்டபத்தில் ஹீட்டரைக் கூட்டிவைத்து, காற்றடித்த தென்னைமரம் நான்கை நிறுத்தி, வைக்கோல் நிறப் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். ஹவாய் என்று உண்மையாக ஓர் இடம் இருக்கிறது, அங்கே மனிதர் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கும் மானரோசம் உண்டு என்று ஒருவரும் யோசிப்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒஸ்லோவின் குரோருட்டில் பிறந்து வளர்ந்த நானும் யோசிக்கவில்லை. எனக்குத்தான் முதலில் உறைத்திருக்க வேண்டும்.

பார்ட்டி முடிந்த மறுநாள் காலையில் அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைத்தது என் அம்மா யோகராணி. பதினொரு வருடமாக அந்தக் கல்லூரியில் துப்புரவு வேலை. அவரின் மகள்தான் நான் என்று சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. நான் மறைக்கவில்லை, ஆனால் சொல்லவுமில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக அப்போது என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

நான் ஓர்டர் பண்ணிய இருநூறு மாலைகளையும் அம்மா நாலு கறுத்தப் பைகளில் கட்டினார். ஒன்றைத் தவிர. ஊதாவும் வெள்ளையும் கலந்த, மிதிபடாத ஒரு மாலை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தில் கழுவி, காயவைத்து, மகேசன் மாமாவின் படத்துக்குப் போட்டுவிட்டார். மகேசன் மாமா அம்மாவின் அண்ணா. இந்த நகரத்தில் பதினெட்டு வருடம் ட்ராம் ஓட்டியவர். ஓடிக்கொண்டிருந்த ட்ராமை ஒழுங்காகத் தரிப்பில் நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர்.

"வடிவாத்தானே கிடக்கு? பூவெண்டால் மூண்டு நாளிலை வாடிப்போகும். இது கிடக்கும்," என்றார் அம்மா.



ஆவணியில் நோஹேயா வந்தாள். ஹவாயிலிருந்து, பொதுச் சுகாதாரம் படிக்க, இரண்டு வருடப் படிப்பு. என் வகுப்புத்தான். நெடுத்த, அகன்ற தோள்காரி. சிரித்தால் பக்கத்து மேசையும் திரும்பிப் பார்க்கும். "ஹவாயிலிருந்தா? ஐயோ, ஏன் இங்கே வந்தாய்?" என்று நாளுக்கு நாலு பேர் கேட்பார்கள். "குளிர் எப்படியிருக்குமென்று பார்க்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில். ஆனால் அவளின் கோபம் எனக்கு எங்கள் பாஷையில்தான் கேட்கும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் நேராக மகேசன் மாமாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவளின் ஊர்க்காரர் கழுத்தில் பாசத்தோடு போட்டுவிடுகிற பூமாலையின் பிளாஸ்டிக் நகல், பார்ட்டிக் குப்பை, எங்கள் வீட்டுச் சுவரில்.

"இது ஆர்?"

"மாமா. இப்ப எங்களோடை இல்லை." பிறகு, கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஓர்டர் பண்ணியது, அம்மா கூட்டியது, கழுவியது.

அவள் மாலையின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நான் கண்ட பிளாஸ்டிக் மாலையளுக்குள்ளை மரியாதையாப் போட்டது இது ஒண்டுதான்." அப்படியே குசினிக்குள் போய் அம்மாவின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் அகப்பையோடு, "இந்தப் பிள்ளைக்குப் பசி போல," என்றார்.

தையில் சங்கக் கூட்டம் கூடியது. தலைவி சுனிவா நல்லவள். அதுதான் பிரச்சினை. கெட்டவளோடு சண்டை பிடிப்பது சுகம். நோஹேயாவைச் சிறப்பு விருந்தாளியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"நீ பத்து நிமிடம் ஆடினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பாவாடை எங்களிடமே இருக்கிறது. எல்லா அளவுக்கும் இழுபடும்."

"பாவாடை வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம்," என்றாள் நோஹேயா. "அன்று பின்னேரம் முழுவதையும் என்னிடம் விடுங்கள். நான் சமைக்கிறேன். வாசலில் நின்று நான் வரவேற்கிறேன். வருகிறவர்கள் என் விருந்தாளிகள். அப்படியென்றால் ஆடுகிறேன்."

சுனிவா சிரித்தாள். "இவ்வளவு பாரமாக எடுக்காதே. இது உண்மையான ஹவாயைப் பற்றியதே இல்லை. ஒரு தீம், அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "அப்படியென்றால் அடுத்த வருடம் யாழ்ப்பாணத் தீம் வைப்போம். எல்லாரும் சாரத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு, எங்கள் செத்தவீட்டுப் பறைக்கு ஆடுங்கள்."

"அது வேறு, துஷ்யா."

"எப்படி வேறு?"

அவள் நேர்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "ஏனென்றால்... நீ இங்கே இருக்கிறாய்."

"இவளும் இங்கேதானே இருக்கிறாள்? உன் பக்கத்துக் கதிரையில்?"

கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது. ஏழுக்கு ஒன்று. பாவாடை வென்றது. சாவிக்கொத்திலிருந்து களஞ்சிய அறைத் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தேன். காற்றடித்த தென்னைமரம், மிஞ்சிய பிளாஸ்டிக், என் பதவி, எல்லாம் அந்தத் திறப்போடு போயிற்று. வெளியே வந்து ஐஸில் சறுக்கிவிழப் பார்த்தேன். நோஹேயா கையைப் பிடித்தாள்.

"நாங்களும் ஒரு விருந்து வைப்பம்," என்றாள். "அவையின்ரை பார்ட்டி நடக்கிற அதே சனிக்கிழமை. அதே ஏழு மணி."

அந்தச் சனிக்கிழமைக்கு அவளிடம் இன்னொரு காரணமும் இருந்தது. அக்காவின் மகள் லெஹுவாவுக்கு அன்றைக்கு முதலாவது பிறந்தநாள். அவர்களின் ஊரில் பிள்ளையின் முதல் வருடம் கலியாண வீட்டைவிடப் பெரிய விருந்து. பன்றியைக் குழிக்குள் இறக்கி, இலையால் மூடி, விடிய விடிய வேகவைத்து ஊரையே கூப்பிடுவார்கள். குடும்பத்தில் அவள் ஒருத்திதான் அங்கே இருக்க மாட்டாள்.

கூட்டத்தில் நடந்ததைத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா வைக்கீக்கிக் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பது வருடமாக அறை துப்புரவு செய்கிறவர். வீடியோவில் அவர் போட்ட சத்தம் நான் இருந்த சோபாவரைக்கும் கேட்டது.

"வாறவன் போறவன் ஆடிப்போட்ட குப்பையைக் கூட்டிக் கூட்டி முப்பது வருசம் போச்சு. என்ரை பிள்ளை அந்தக் குப்பைக்கு நடுவிலை நிண்டு வேடிக்கை காட்டவோ உலகத்தின்ரை மற்றத் தொங்கலுக்கு அனுப்பினனான்? அங்கை உனக்கு ஆர் இருக்கினம்? வீட்டை வா."

"எனக்கு இஞ்சை ஆக்கள் இருக்கினம்," என்றாள் நோஹேயா.

"எங்கை?"

"சனிக்கிழமை பாருங்கோ. கமராவைப் போட்டு விடுறன்."

"பாக்கிறன். உன்னை மதிக்க ஆக்கள் இல்லையெண்டால் திங்கட்கிழமை டிக்கெட் போடுவன். பிறகு கதை இல்லை."

அந்த அம்மா சொன்னால் செய்கிற ஆள் என்று நோஹேயாவின் முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. படிப்புக்கு இன்னும் ஒன்றரை வருடம் கிடந்தது.

எங்கள் குடியிருப்பின் பொதுமண்டபத்தை அப்பா பதிவு செய்து தந்தார். வகுப்பில் எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் கல்லூரி மண்டபப் பார்ட்டிக்குத்தான். எட்டுப் பேரைக் காட்டி அந்தத் தாயைச் சமாளிக்க முடியாது. அம்மாவிடம் முறையிட்டேன்.

"எத்தினை பேர் வேணும்?"

"ஒரு நாப்பது."

"எங்கடை ஆக்களுக்குச் சொன்னால் அறுபது வரும். சாப்பாடு இருக்கெண்டு சொல்லு, எழுபது."

சனிக்கிழமை காலை, காதலர் தினத்துக்கு மறுநாள். கடைகளில் விற்காத பூவெல்லாம் வாளி வாளியாக நின்றது. எங்கள் வரவேற்பறையில் பூக் குவியல். நோஹேயா நீள ஊசியால் ஒவ்வொரு பூவின் நடுவிலும் குத்திக் கோத்தாள். அம்மா வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குக் கட்டுகிற பழக்கத்தில் நூலை விரலால் சுழற்றித் தொடுத்தார். "என்ன உது, பூவை ஊசி போட்டுக் கொல்லுறாள்," என்று ஒரே முறைப்பாடு. நோஹேயா ஒரு பூவை எடுத்து ஆழமாக மோந்தாள்.

"மோந்து பாக்காதை பிள்ளை!" அம்மா பதறிப்போனார். சாமிக்குக் கட்டுகிற பூவை மோக்கக் கூடாது. நான் மொழிபெயர்த்தேன்.

"இது சாமிக்கில்லையே, ஆக்களுக்குத்தானே?" என்றாள் அவள்.

அம்மா ஒரு கணம் யோசித்தார். "ஓம் என்ன." பிறகு, கையிலிருந்த பூவை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். எத்தனையோ வருடம் மாலை கட்டினவர், கட்டுகிற பூவை மோந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

சமையலுக்கு அவளுக்கு வேண்டியதெல்லாம் எங்கள் தமிழ்க் கடையிலேயே கிடைத்தது. வாழையிலை, தேங்காய்ப்பால், சேப்பங்கிழங்கு, அதன் இலை. பெப்ரவரி நிலத்தில் குழி வெட்டினால் மண்வெட்டிதான் முறியும். ஆகவே பன்றி இறைச்சி வாழையிலைக்குள் சுருண்டு விடியற்காலையிலிருந்து வெதுப்பியில் கிடந்தது. கிழங்கை அவித்து இடித்துக் களியாக்கினாள். அப்பா ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு, "சுவரொட்டி ஒட்ட நல்லது," என்றார். இரண்டாந்தரமும் தொட்டு நக்கினார்.

ஆறரைக்கு எல்லாம் தயார். நீண்ட மேசையின் நடுவில் லெஹுவாவின் பெரிய படம், கேக். பக்கத்தில் மடிக்கணினி. அங்கே காலை ஏழரை. திரையில் நோஹேயாவின் அம்மா கைகட்டிக்கொண்டு இருந்தார். பரிசோதனைக்கு வந்த அதிகாரி தோற்றார். நோஹேயா கடும்பச்சை நீளச் சட்டையில், கை நிறைய மாலைகளோடு வாசலில் போய் நின்றாள். நானும் அம்மாவும் குசினிக்குள் ஓடினோம். தேங்காய்ப்பால் திரைந்துபோகப் பார்த்தது.

அந்த முக்கால் மணித்தியாலத்தில்தான் எல்லாம் கெட்டது.

இறைச்சித் தட்டோடு வெளியே வந்தேன். மண்டபம் நிறைய ஆட்கள். ஐம்பது அறுபது பேர் வரிசையாக இருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. எங்கள் சனம் அறுபது பேர் ஒன்றாக இருந்து சத்தமில்லாமல் நான் கண்டது செத்தவீட்டில் மட்டும்தான். ஒருவர் கழுத்திலும் மாலை இல்லை. மடியில் சிலது, கதிரை முதுகில் சிலது. மூலை மேசையில் ஒரு குவியல். வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரும் மற்றவர்களைப் பார்த்துத் தாங்களும் மரியாதையாகக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.

நோஹேயா வாசலிலேயே நின்றாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"என்ன நடந்தது?"

"போட்டுவிட்டன். எல்லாருக்கும். ஒருத்தர் விடாமல் எனக்கு முன்னாலையே கழட்டிப்போட்டினம்." அவள் மூலைக் குவியலைக் காட்டினாள். "எங்கடை ஊரிலை அப்பிடிச் செய்யிறேல்லை, துஷ்யா. போட்டவளுக்கு முன்னாலை கழட்டினால், நீ எனக்கு வேண்டாம் எண்டு அர்த்தம். அறுபது பேர். அம்மா எல்லாத்தையும் பாத்துக்கொண்டு இருக்கிறா."

திரையைப் பார்த்தேன். அந்த அம்மாவின் வாய் ஒரு கோடாக இறுகியிருந்தது. திங்கட்கிழமை டிக்கெட் அந்தக் கோட்டில் எழுதியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் வரிசையில் ஜெகதீஸ்வரன் மாமா. தமிழ்ப் பாடசாலை தொடக்கம் விளையாட்டுப் போட்டிவரை எல்லா மேடையிலும் மாலை வாங்கின கழுத்து அது. முதலில் வந்தவரும் அவர்தானாம். கும்பிட்டு, குனிந்து, வாங்கிய கையோடு கழற்றியிருக்கிறார். அதுதானே எங்கள் முறை? போட்ட மாலையோடு கொலுவிருக்கிறது சாமியும் மாப்பிள்ளையும்தான். மனிதன் உடனே கழற்றினால்தான் அடக்கம். பின்னால் வந்தவர்கள் அவரைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அது விளங்கியது. ஆனால் இந்த மயான அமைதி?

அவரின் மனைவி விமலாதேவி மாமி என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "என்ன நோய் வந்ததாம் பிள்ளை?"

"ஆருக்கு?"

"அந்தக் குஞ்சுக்கு. ஒரு வயசுகூட முடியேல்லையே. கடவுளுக்குக் கண் இல்லை."

மாமியின் விரல் போன திசையில் பார்த்தேன். லெஹுவாவின் படம். நாங்கள் குசினிக்குள் போன பிறகு நோஹேயா அதற்கு மாலை போட்டிருக்கிறாள். ஆகத் திறமான மாலை, வெள்ளை ரோஜா. முன்னால் இரண்டு மெழுகுதிரி வேறு.

எங்கள் வீட்டில் அவள் கண்டது அதைத்தானே? மகேசன் மாமாவின் படத்தில் மாலை. தூரத்திலே இருக்கிற, பக்கத்தில் இல்லாத, பிரியமான ஆளுக்குப் போடுவது என்று அவளாக விளங்கிக்கொண்டாள். படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் இல்லை என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிறந்தநாளுக்கென்று வந்த சனம் வாசல் தாண்டியதும் படத்தைப் பார்த்திருக்கிறது. ஐயோ, பிள்ளை போய்விட்டது, இது நினைவுநாள் என்று நினைத்து, இருந்த மாலையையும் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து இருந்துவிட்டது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் நின்ற அந்த நேரத்தில்தான் மடிக்கணினியிலிருந்து "ஆ!" என்றொரு சத்தம் வந்தது. ஆரோ லெஹுவாவைத் தூக்கிக்கொண்டுவந்து பாட்டியின் மடியில் விட்டார்கள். தலையில் பூ வளையம். கமராவைக் கையால் அடித்தாள். எச்சில் திரை முழுக்க.

"அது அந்தப் பிள்ளையெல்லோ!" விமலாதேவி மாமி எழும்பிவிட்டார். "உயிரோடை இருக்கு!"

மண்டபம் கொதித்தது. "ஐயோ!" "சிவ சிவா!" "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆர் மாலை போட்டது? கழட்டுங்கோ, கழட்டுங்கோ!" நாலு மாமிமார் மேசையை நோக்கிப் பாய்ந்தார்கள். நோஹேயா கண்டது என்ன? தன்னுடைய மாலையைக் கழற்றினவர்கள் இப்போது பிள்ளையினுடையதையும் பறிக்க வருகிறார்கள். அவள் ஓடிவந்து படத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். அவளைத் தாண்டிப் போக ஒரு மாமிக்கும் துணிவில்லை.

நான் கதிரையில் ஏறினேன். எனக்குக் கூட்டத்தில் கதைக்கப் பயம் கிடையாது. அன்றைக்கு மரியாதையும் கிடையாது.

"ஒருத்தரும் அதைத் தொடாதேங்கோ! எல்லாரும் இருங்கோ!"

இருந்தார்கள்.

"இது செத்தவீடில்லை. பிறந்தநாள். இந்தப் பிள்ளை உங்களுக்குத் தந்தது மேடை மாலை இல்லை. நீ என்ரை ஆள் எண்டு சொல்லிப் போட்ட மாலை. அதை அவளுக்கு முன்னாலை கழட்டினால் காறித் துப்பின மாதிரி. அறுபது பேரும் துப்பியிருக்கிறியள். அந்தா, அவளின்ரை அம்மா பாத்துக்கொண்டு இருக்கிறா. இஞ்சை உனக்கு ஒருத்தரும் இல்லை, வீட்டை வா எண்டு கூப்பிடுறா. அங்கை கல்லூரியிலை இப்ப இவளின்ரை ஊரைப் பிளாஸ்டிக்காலை செய்து மிதிச்சு ஆடுறாங்கள். அதுக்குப் போகமாட்டன் எண்டு வந்தவளுக்கு நாங்கள் காட்டுற முகம் இதோ? எடுத்துப் போடுங்கோ. போட்டால் வீட்டை போகுமட்டும் மாலையைக் கழட்டாதேங்கோ!"

அதையே நோர்வீஜிய மொழியில் வகுப்புப் பிள்ளைகளுக்கும், ஆங்கிலத்தில் திரைக்கும் சொன்னேன்.

ஜெகதீஸ்வரன் மாமா முதலில் எழும்பினார். கதிரையில் கிடந்த மாலையை எடுத்தார். தானாகப் போடவில்லை. நோஹேயாவின் முன்னால் போய், மாலையை அவளிடம் கொடுத்துத் தலையைக் குனிந்தார். "திரும்பப் போடு பிள்ளை. இந்தக் கிழவனுக்குக் கழட்டித்தான் பழக்கம்."

அவள் போட்டாள். கன்னத்தில் கன்னத்தை வைத்தாள். மாமா காதுவரைக்கும் சிவந்துபோனார். பின்னால் வரிசை நின்றது, கோயிலில் விபூதி வாங்க நிற்கிற மாதிரி. அறுபது பேருக்கும் அவள் இரண்டாந்தரம் போட்டாள். மூலைக் குவியலில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கடைசியாக அம்மா. குசினியில் நின்றதால் அவருக்கு இதுதான் முதல் தரம். பச்சைச் சேலை, கையெல்லாம் தேங்காய்ப்பால். அம்மா மாலையை வாங்கிக்கொண்டு நேராகத் திரைக்கு முன்னால் போனார். இரண்டு அம்மாமாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சொல்லு துஷி, நாளைக்கு வேலைக்கும் இதோடைதான் போவன் எண்டு."

சொன்னேன்.

"என்ன வேலை?" என்று கேட்டார் அந்த அம்மா. அன்றைக்கு அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"துப்புரவு," என்றேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "அதே கல்லூரியில். இப்போது அங்கே ஆடுகிறார்களே, நாளைக் காலை அதைக் கூட்டப் போகிறவர் என் அம்மா."

திரை கன நேரம் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்த அம்மா லெஹுவாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். நோஹேயா ஆடினாள். பாவாடையும் இல்லை, குலுக்கலும் இல்லை. கை சொன்னதைக் கண் பின்தொடர்ந்தது, அவ்வளவுதான். பாட்டு இரண்டு விநாடி பிந்தி வந்துகொண்டிருந்தது. அவள் காத்திருந்து காத்திருந்து ஆடினாள். பிறகு சனம் சாப்பிட்டது. களியைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். சட்டி மட்டும் வெறுமையாகிவிட்டது.

ஆனால் டிக்கெட் விஷயத்தில் அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "பிறகு கதைப்பம்," என்று திரையை அணைத்துவிட்டார். நோஹேயா அதையே சொல்லிச் சொல்லி எங்கள் சோபாவிலேயே படுத்தாள்.

ஞாயிறு காலை அம்மா மாலையோடுதான் புறப்பட்டார். குளிர்ச்சட்டைக்கு மேலால், பூ நசுங்காமல். சுரங்க ரயிலில் எல்லாரும் பார்த்தார்கள். அம்மா திரும்பிப் பார்த்தார். நானும் நோஹேயாவும் எங்கள் மாலைகளோடு கூடப் போனோம். பதினொரு வருடத்தில் நான் அம்மாவோடு அவரின் வேலைக்குப் போனது அதுதான் முதல்.

மண்டபம் நாறியது. காற்றுப்போன தென்னைமரம், ஒட்டுகிற தரை, எங்கு பார்த்தாலும் பிளாஸ்டிக் மாலை. சுனிவா தனியாக ஒரு மூலையில் தொலைந்த தன் ஜாக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டாள், நோஹேயாவைக் கண்டாள். பிறகு சீருடைக்கு மேலே மாலையோடு நின்ற அம்மாவை.

"துஷ்யா? நீ எப்படி இங்கே...?"

"என் அம்மா," என்றேன். "பதினொரு வருடமாக."

அவள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். "அழகான மாலை," என்றாள் அம்மாவிடம். "நேற்றுப் பார்ட்டிக்கு வந்திருந்தீர்களா?"

"ஓம்," என்றார் அம்மா, தன் நோர்வீஜிய மொழியில், துடைப்பத்தை நிறுத்தாமல். "மற்றதுக்கு."

சுனிவா நின்றாள். பிறகு குனிந்து, காலடியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் மாலையை எடுத்தாள். இன்னொன்றையும் எடுத்தாள். நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவள் போட்டது, அவள் பொறுக்கட்டும்.

நோஹேயா கைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்தாள். தரை முழுக்கப் பிளாஸ்டிக், நடுவில் அம்மா, கையில் துடைப்பம், கழுத்தில் வாடாத மாலை. அதைத் தாய்க்கு அனுப்பினாள். ஒரு சொல்லும் எழுதவில்லை.

இரண்டாவது கறுத்தப் பை நிறைகிற நேரத்தில் பதில் வந்தது. நோஹேயா வாசித்துவிட்டு அப்படியே தரையில் குந்தினாள். கைபேசியை என்னிடம் நீட்டினாள். முப்பது வருடம் கூட்டினவர் எழுதியிருந்தார்: "படிச்சு முடிச்சிட்டு வா."

அம்மாவுக்குச் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"அவ சொல்லாட்டிலும் நான் விட்டிருக்கமாட்டன்," என்றார். "அந்தப் பையின்ரை வாயைப் பிடி."

மூன்று பேரும் கூட்டினோம். ஒருவரும் மாலையைக் கழற்றவில்லை.